மதலைமுத்துவின் வெண்கலக் குரல்

மதலைமுத்து வாத்தியாருக்குத் தன் குரல்மேல் அபார நம்பிக்கை. அதியமான்கோட்டை முதியோர் கல்வி மையத்துக்கு டேப்ரிக்கார்டர் வந்ததும், முதல் வேலையாகத் தன் பாடங்களைத்தான் அதில் பதிவு செய்தார். அடுத்த வாரமே மஞ்சள்காமாலையில் படுத்துவிட, பாடம் நடத்தும் பொறுப்பு டேப்பிடம் போனது.

உடம்பு தேறித் திரும்பியவர் அசந்துபோனார். அதுவரை ‘அ’னாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் இப்போது பஸ் போர்டைக்கூடப் படித்தார்கள்.

“எல்லாம் என் குரலோட ராசி” என்று பூரித்தவர், பெருமையைக் காட்ட மேலதிகாரியையே அழைத்து வந்துவிட்டார்.

“அதான் நீங்களே இருக்கீங்களே, டேப் எதுக்கு? நேர்லயே நடத்துங்க” என்றார் அதிகாரி.

வாத்தியார் வெண்கலக் குரலில் ஆரம்பித்தார். நடுநடுவே கேள்வி கேட்டார். பதிலையும் அவரே சொன்னார். பெண்கள் வாயே திறக்கவில்லை.

“டேப்புல நல்லாப் படிச்சீங்களாமே. இவர்கிட்ட மட்டும் ஏம்மா பேச மாட்டேங்கறீங்க?” என்று கேட்டார் அதிகாரி.

கண்ணம்மாள் தயங்கித் தயங்கி எழுந்தாள்.

“டேப்புன்னா, புரியாத எடத்துல நிறுத்திப்போட்டு, நாங்களே ஒருத்தருக்கொருத்தர் பேசிப் படிச்சிக்குவோமுங்க. சாரை நிறுத்தறதுக்குப் பட்டன் இல்லீங்களே.”

விளக்கம் சொல்ல வாயைத் திறந்த மதலைமுத்து, தன் சர்வீஸிலேயே முதல் முறையாக, அதைத் தானாகவே மூடிக்கொண்டார்.