முடித்து வைப்பவள்

கதவுக்குப் பின்னால் எஸ்தர் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். உள்ளே கம்ப்யூட்டரில் மகள் ஜெசிந்தாவுக்கு நேர்காணல். தேறினால் கோடை விடுமுறையில் பேச்சுக் குறைபாட்டு ஆராய்ச்சிக்குப் போகலாம். "நீ வாயே தொறக்கக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள்.

"எதைப் பத்தி ஆராயப் போறீங்க?" என்றார் திரையில் பேராசிரியை.

"தி... தி..."

எஸ்தர் கதவை ஒட்டி வந்தாள். பஸ்ஸிலும் கடையிலும் ஒரு நாளும் பிள்ளையை வார்த்தைக்குத் தவிக்க விட்டவள் இல்லை.

"திக்குவாய் பத்தி, மேடம்" என்று சொல்லியேவிட்டாள்.

"யாரது?"

"அம்மா. நான் சொல்ல வந்தது அது இ... இல்ல மேடம். தி... திக்குறவங்க பேச்சை முந்திக்கிட்டு முடிக்கிறவங்களைப் பத்தி."

பேராசிரியை சிரிக்கவில்லை. "அம்மாவைக் கூப்பிடுங்க."

எஸ்தர் வந்து நின்றாள்.

"உங்க பொண்ணு பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தா உங்களுக்கு என்னம்மா ஆகும்?"

எஸ்தர் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. ஜெசிந்தா அவள் முகத்தையே பார்த்தபடி, பேசாமல் காத்திருந்தாள்.