கடிக்காத முறுக்கு

"அம்மா, நாம குடுத்த தீபாவளி முறுக்கை டெபோரா ஆன்ட்டி ஏன் வாட்ச்மேனுக்குக் குடுத்துட்டாங்க?" என்று கேட்டாள் யாழினி.

"சாமிக்குப் படைச்சதாச்சே, அவங்க சாப்பிடுவாங்களா?" என்ற கற்பகம், அன்றோடு எதிர்வீட்டு டெபோராவிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து, பல்வலிக்காகக் கற்பகம் தாம்பரம் பல் கிளினிக்குக்குப் போனபோது, அங்கே டெபோரா கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"தாடை மூட்டுல வலி, அக்கா. மென்னா உயிர் போகுது. ரெண்டு மாசமா குழைஞ்ச சோறுதான். உங்க முறுக்கு வாசனைக்கு அழுகையே வந்துடுச்சு! சொல்லலாம்னா நீங்க முகத்தையே பார்க்கல."

கற்பகம் தலைகுனிந்தாள். யாழினி டெங்குவில் கிடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் மண்டியிட்டு ஜெபித்தவள் இவள்தான்.

மறுநாள் விடிந்ததும், வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மாடம்பாக்கம் கோயிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டை நீட்டினாள்.

"யார் பேருக்கும்மா?" என்றார் குருக்கள்.

"டெபோரா" என்றாள் கற்பகம்.