உப்பில்லாக் கொழுக்கட்டை

ஆடிச் செவ்வாயன்று வில்பட்டியில் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஔவையாருக்கு உப்பில்லாக் கொழுக்கட்டை அவிப்பார்கள். வீட்டு ஆண்கள் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்கான நோன்பு. அவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். ஆண்கள் அதைப் பார்க்கவோ தின்னவோ கூடாது.

இந்த வருடம் வேலுமணி ஜன்னல் இடுக்கு வழியாக அதை வீடியோ எடுத்து, தன் ஹோம்ஸ்டே விளம்பரத்தில் போட்டான். மிச்சமிருந்த ஒரு கொழுக்கட்டையையும் எடுத்துத் தின்றான். "இதுக்குத்தான் இம்புட்டு ரகசியமா?" என்று மனைவி ரோகிணியிடம் சிரித்தான்.

மறுநாள் சாம்பாரில் உப்பில்லை என்றான். தங்கியிருந்தவர்கள் சரியாக இருக்கிறது என்றார்கள். கருவாட்டிலும் அவனுக்கு உப்பில்லை. நாக்கில் கோளாறு எதுவும் இல்லை என்றார் டாக்டர்.

"நீதான் எனக்காக ஔவையார்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றான் ஒருநாள்.

"பதினாறு வருஷமா உங்களுக்காக உப்பில்லாமத் தின்னேன். எப்படி எறங்குச்சுன்னு ஒரு தடவை கேட்டீங்களா?" என்றாள் ரோகிணி.

அன்று சாயங்காலம் அவன் பூண்டுக் காட்டிலிருந்து வேர்வையோடு தொழுவத்துக்கு வந்தான். தினமும் அவன் கை வேர்வையை விடாமல் நக்கும் பசு, இரண்டு தரம் நக்கிப் பார்த்தது. பிறகு கயிற்றை இழுத்துக்கொண்டு, தண்ணீர் காட்ட வந்த ரோகிணியின் கையைத் தேடிப் போனது.