ஜன்னலோரத்துப் பெட்டிகள்

"இன்னா மேஸ்திரி, பக்கத்துலயே கிடக்கிற டைல்ஸைக்கூட பாப்பாதான் எடுத்துக் கையில குடுக்கணுமா?"

சுஜாதாவால் பொறுக்க முடியவில்லை. கேட்டே விட்டாள்.

ஊரப்பாக்கம் வீட்டு ஹாலில் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்த ஏசுபாதம் மேஸ்திரி சிரித்தார். "அது கை பட்டாத்தான் மேடம் எனக்கு வேலையே ஓடும்."

"பேச்சைப் பாரு" என்றாள் அவர் மனைவி பாப்பா. அடுத்த டைல்ஸை எடுத்து அவருடைய இரண்டு கைகளிலும் வைத்தாள்.

நல்ல ஜோடிதான் போங்கள்! காலையில் தெருவில் வரும்போதே மனைவியின் தோளில் கை போட்டபடிதான் வருவார் மனிதர். ஐம்பத்தைந்து வயசில் இதெல்லாம் தேவையா என்று எதிர்வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். வீட்டுக்குள் வந்துவிட்டாலோ உட்கார்ந்த இடத்தில் அதிகாரம்தான். தண்ணீர் சொம்பை நீட்டுவது பாப்பா. டைல்ஸை அளந்து கோடு போட்டு வெட்டுவது பாப்பா. ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கிறதா என்றுகூட அவள்தான் குனிந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் வேலை இருக்கிறதே, அடடா! "கண்ணால பாக்கறதெல்லாம் சும்மா மேடம். வெரல வெச்சாத்தான் தெரியும்" என்பார். இரண்டு டைல்ஸ் சேரும் இடத்தில் விரலை ஓட்டுவார். ஒரு முடி அளவு ஏறியிருந்தாலும் பெயர்த்துவிட்டு மறுபடி போடுவார். சிங்கப்பெருமாள் கோயிலில் சுஜாதாவின் ஆபீஸில் விசாரித்தபோது, நாலு பேரும் அவர் பேரைத்தான் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் சிநேகாவுக்கு நிச்சயதார்த்தம். செங்கல்பட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேர் வருகிறார்கள். இந்த ஹாலில்தான் உட்காரப் போகிறார்கள். தகப்பன் இல்லாத பெண், அதான் எல்லாம் அரைகுறை என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வந்துவிடக் கூடாது. சுஜாதாவுக்கு அது ஒன்றுதான் கவலை. தூக்கம்கூடச் சரியாக இல்லை.

வியாழக்கிழமையோடு பெட்ரூம் முடிந்தது. ஹாலில் பாதிதான் பாக்கி. அவர்கள் கிளம்பிய பிறகு, நடக்க வழியில்லாமல் கிடந்த ஹால் டைல்ஸ், பெட்ரூமில் மிஞ்சியது என்று எல்லாப் பெட்டிகளையும் சுஜாதாவே இழுத்து ஜன்னலோரமாக அடுக்கிவிட்டுப் பெருக்கினாள்.

மறுநாள் காலையில் ஏசுபாதம் தனியாக வந்தார். யாரோ பைக்கில் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள்.

"பாப்பா எங்க?"

"ஜொரம் மேடம். படுத்துக்கினு கீது. உங்க வூட்ல விசேஷத்த வெச்சுக்கினு நான் வராம இருந்தா நல்லாவா இருக்கும்? வெட்ற வேலையெல்லாம் நேத்தே முடிச்சாச்சு. முழு டைல்ஸ்தான் பாக்கி, போட்டுடுவேன்." கொஞ்சம் தயங்கினார். "ஹாலுக்கு உண்டான ஐவரி பெட்டி எந்தப் பக்கம் கீது?"

சுஜாதா எட்டேகால் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தாள். "ஜன்னலாண்ட" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். இன்றைக்காவது துரை தானே குனிந்து எடுக்கட்டும் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட.

சாயங்காலம் ஆறரைக்குத் திரும்பி வந்தவள், ஹாலில் நுழைந்ததும் எல்லா சுவிட்சையும் தட்டினாள். அவ்வளவுதான். தோளிலிருந்த கைப்பை நழுவிக் கீழே விழுந்தது.

ஐவரி நிறத் தரைக்கு நடுவில் காபி நிறத்தில் ஒரு டைல்ஸ். கொஞ்சம் தள்ளி இரண்டு. ஓரமாக நான்கு. எல்லாம் பெட்ரூமுக்கு வாங்கி மிஞ்சியவை. கறை பட்ட வேட்டி மாதிரி கிடந்தது ஹால். ஐயோ, ஞாயிற்றுக்கிழமை!

"மேஸ்திரி!"

பின்பக்கக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்த ஏசுபாதம், சுவரைத் தடவியபடி உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "வந்துட்டீங்களா மேடம்? முடிச்சுட்டேன். சொன்னா சொன்னதுதான்."

"என்னத்த முடிச்சீங்க? கண்ணை எங்க வெச்சுக்கினு வேலை செஞ்சீங்க?"

சிரிப்பு மறைந்தது. "ஏத்த எறக்கமா கீதா?" என்றபடி மண்டிபோட்டு உட்கார்ந்து தரையைத் தடவினார். ஐவரி மேலும் காபி நிறத்தின் மேலும் மாறி மாறி ஓடியது விரல். "சத்தியமா சொல்றேன் மேடம், ஒரு முடி அளவுகூட இல்லியே!"

"நடிக்காதீங்க! கலரைப் பாருங்க. பெட்ரூம் டைல்ஸை எடுத்து ஹால்ல போட்டிருக்கீங்க. வர்றவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

விரல் அப்படியே நின்றது. "ஜன்னலாண்டன்னுதானே சொன்னீங்க..." என்று முனகினார்.

நேற்று தான் இழுத்து அடுக்கிய பெட்டிகள் சுஜாதாவுக்கு நினைவு வந்தன. கோபம் மட்டும் அடங்கவில்லை. "நான் ஆயிரம் சொல்லுவேன். எடுக்கும்போது பாக்க மாட்டீங்களா? இப்பவாவது பாருங்க!"

ஏசுபாதம் எழுந்தார். அவள் நின்ற இடத்துக்கு இரண்டடி தள்ளி, வெறும் சுவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"கோச்சுக்காதீங்க மேடம். இருட்டிக்கினு வருதில்ல, அதான் எனக்குத் தெரியல. கொஞ்சம் லைட்டைப் போடுங்க, பாத்து மாத்திக் குடுத்துடறேன்."

சுஜாதா நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் தலைக்கு நேர் மேலே இரண்டு ட்யூப்லைட்டுகளும் பளீரென்று எரிந்துகொண்டிருந்தன.