மச்சான் பிடிக்காத கயிறு

"எங்க போயிட்டு வாரீரு?" பிளாரன்ஸ் வாசலிலேயே மறித்தாள்.

"கடலுக்குத்தான் ஏளா, சங்கு குளிக்க." ஹென்றி காலை உதறினான். செம்மண் உதிர்ந்தது.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. புருஷன் தலை நனைந்திருக்கிறது. உப்புப் பிசுக்கு இல்லை. காலையில் இவனை, கடலே இல்லாத புதுக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் பார்த்ததாக எதிர்வீட்டு விக்டோரியா வேறு சொல்லியிருந்தாள். அங்கே எவள் வீட்டில் குளித்துவிட்டு வருகிறான்?

"எங்க அண்ணன் பக்கத்து வீட்டுல சீட்டாடிட்டுக் கெடக்கான். மேல இழுக்க அவன் கயிறு பிடிக்காம எந்தக் கடல்ல முங்கினீரு? தங்கச்சி தாலி நிலைக்கணும்னுதான மச்சான் கையில கயித்தக் குடுக்கது?"

ஹென்றி மடியிலிருந்து ஒரு சங்கை எடுத்து நீட்டினான். அது கல்லாக இறுகிப்போயிருந்தது.

"புதுக்கோட்டைக் கெணத்துல எடுத்தேன். காலேஜ் ஆராய்ச்சிக்காரரு கூட்டிட்டுப் போனாரு. முந்தி ஒரு காலத்துல வெயில் கூடி, பனியெல்லாம் உருகி, கடல் அங்கன வரைக்கும் ஏறிச்சாம். குளுந்ததும் பின்வாங்கிருச்சாம். தண்ணிக்கடியில பாறைய உடைக்க ஆள் வேணும்னாரு. கெணத்துல முங்குதான்னு சிரிப்பானுவளேன்னுதான் சொல்லல. ஆனா கடலுக்குப் போனது நெசம், ஏளா. லட்சம் வருசத்துக்கு முந்துன கடல்!"

பிளாரன்ஸ் சங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கயிறு யாரு பிடிச்சா?"

"அவருதான். ஒரு கையில கயிறு, ஒரு கையில கண்ணாடியத் தொடச்சிக்கிட்டு..."

அவள் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"அண்ணே, சீட்டக் கீழ போடு! எம்புட்டுப் பழைய கடலா இருந்தா என்ன, நாளைக்கு இவருக்கு நீதான் கயிறு பிடிக்க!"