ஹாலில் ஒரு கூடாரம்

அடுத்த சனிக்கிழமை மலேசியாவின் தேசாரு கடற்கரையில் ஒரு சின்ன இசை விழா. அங்கேயே கூடாரம் போட்டு ஓரிரவு தங்கி வர தர்ஷனா இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தாள். அவளும் கணவன் யதீசனும் முகம் கொடுத்துப் பேசி ஒரு மாதமாகிவிட்டது. பாட்டுக் கேட்டாலாவது மனசு இளகாதா என்று நினைத்தாள்.

ஞாயிறு மதியம், புதுக் கூடாரத்தைச் சிங்கப்பூர் காத்தோங்கில் இருந்த தங்கள் அடுக்குமாடி வீட்டு ஹாலிலேயே கட்டிப் பார்த்தார்கள். கம்பி நுழைப்பதிலேயே சண்டை வந்தது.

"ஒரு வேலையும் ஒழுங்கா செய்யத் தெரியாது. நீ வராம இருந்தாலே நிம்மதி லா," என்று எரிந்து விழுந்துவிட்டு, காரில் விட்டுவந்த மீதிக் கம்பிகளை எடுக்க யதீசன் கீழே போனான்.

தர்ஷனா முகம் கழுவிவிட்டு வந்தபோது கூடாரத்தின் ஜிப் மூடியிருந்தது. இழுத்தாள். உள்ளே யாரோ அதை இறுக்கிப் பிடித்திருந்தார்கள்.

"உனக்கு இங்க இடமில்ல. போ," என்றது உள்ளிருந்து ஒரு குரல். அது தர்ஷனாவின் குரல்தான்.

அதற்குள் யதீசன் வந்துவிட்டான். "உள்ள யாரோ இருக்காங்க!" என்று அவன் கையைப் பிடித்தாள். அவன் அவளைத் திரும்பியே பார்க்கவில்லை. ஜிப் தானாகத் திறந்தது. குனிந்து பார்த்தவனின் முகம் மலர்ந்தது.

"கோபம் போயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தான். ஜிப் மூடிக்கொண்டது.

தர்ஷனா இரண்டு கைகளாலும் கூடாரத்துணியை அடித்தாள்.

"வெளிய யாரது?" என்று யதீசன் கேட்டது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

உள்ளிருந்த அவள் குரலே அவனுக்குப் பதில் சொன்னது: "யாரும் இல்ல. காத்து."