முக்கோண மயில்

"டீச்சர், எட்டாம் வகுப்பு 'பி'ல இன்னிக்கும் ஒங்க பீரியடை நான் எடுத்துக்கறேன்."

ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றபடியே சொன்னார் கணக்கு வாத்தியார் இம்மானுவேல்.

"எடுத்துக்கங்க சார்" என்றார் டிராயிங் டீச்சர் ஆன்மேரி. வலது கையில் மாவுக்கட்டு. முகத்தில் ஈயாடவில்லை.

பக்கத்தில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த தமிழ் டீச்சர் தமிழ்ச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் சார், ஒங்களுக்கே நல்லாருக்கா? அந்த கிளாஸ்ல வாரத்துக்கு அவங்களுக்கு இருக்கறதே ஒரு பீரியட். அதையும் போன வாரம் புடுங்கினீங்க, அதுக்கு முந்தின வாரமும் புடுங்கினீங்க."

"போர்ஷன் முடியல டீச்சர்."

"ஒங்க போர்ஷன் என்னிக்குத்தான் முடிஞ்சிருக்கு?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மனுஷனுக்குச் சூடு சொரணையே கிடையாது போல.

ஆன்மேரி பகுதிநேர டீச்சர். ஒவ்வொரு வருஷமும் நிர்வாகம் பார்த்து நீட்டித்தால்தான் வேலை. இந்த வருஷம் ஹெச்.எம். சிஸ்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆண்டு விழாக் கண்காட்சியில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கலர் பேப்பரில் வெட்டி ஒட்டிய படங்கள் ஒரு சுவர் நிறைய இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருஷம் டிராயிங் பீரியட் கணக்குக்குப் போய்விடும். ஆன்மேரியும் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்தா கோரிப்பாளையம் சிக்னலில் ஸ்கூட்டி சறுக்கி விழ வேண்டும்?

"லீவு போட்டுட்டுப் பேசாம வீட்ல இருங்க" என்று தமிழ்ச்செல்வி அப்போதே சொல்லிப் பார்த்தார்.

"எங்களுக்கு ஏது டீச்சர் மெடிக்கல் லீவு? வேற ஆளைப் போட்டுருவாங்க. வாயாலயே சொல்லிக் குடுத்துருவேன்னு சிஸ்டர்கிட்ட சொல்லிருக்கேன்."

வாயால் சொல்லத்தான் செய்தார். ஆனால் பேப்பரை எப்படி மடிப்பது, கத்தரிக்கோலை எந்தப் பக்கம் விடுவது என்பதெல்லாம் செய்து காட்டாமல் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்? மடிப்புப் பக்கத்தையே வெட்டித் தொலைத்தார்கள். பிரித்துப் பார்த்தால் மயிலெல்லாம் ரெண்டு துண்டு.

அன்றைக்கு ஆன்மேரி ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதுவிட்டார். எல்லோரும்தான் பார்த்தார்கள். இம்மானுவேலும் பார்த்தார்.

மறு வாரமே பீரியட் கேட்டு வந்து நின்றுவிட்டார்.

"பாத்தீங்களா? அடுத்த வருஷம் வரப்போற பீரியடுக்கு இப்பவே துண்டு போட்டு வைக்கிறாரு" என்று பொரிந்தார் தமிழ்ச்செல்வி. "நீங்களும் கேட்ட ஒடனே தூக்கிக் குடுத்துடறீங்க. முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"குடுக்காம அங்க போய் நின்னு நான் என்ன டீச்சர் பண்ணப்போறேன்? போகட்டும்."

வேலையும் சேர்ந்துதான் போகும் என்று தெரிந்தேதான் ஆன்மேரி அதைச் சொன்னார். தமிழ்ச்செல்விக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

ஒருநாள் எட்டாம் வகுப்புப் பக்கமாக வந்தார். கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே பிள்ளைகள் கணக்குச் சூத்திரத்தைத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். நல்லா நடத்துங்க சார், நல்லா நடத்துங்க என்று கறுவிக்கொண்டே நடையைக் கட்டினார்.

கண்காட்சி நாளும் வந்தது. கட்டுப் பிரித்த கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு, தமிழ்ச்செல்வியின் முதுகுக்குப் பின்னாலேயே ஹாலுக்குள் வந்தார் ஆன்மேரி. வெறும் சுவரைப் பார்க்கத் தயாராகத்தான் வந்திருந்தார்.

சுவரில் கை வைக்க இடமில்லை.

பச்சை மயில், ஆரஞ்சு மீன், தங்கக் கலரில் அழகர் குதிரை, ஊதாவில் தாமரை. ஒன்றுகூட ரெண்டு துண்டாகப் போகவில்லை. சோழவந்தானிலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி வெற்றிலைக் கொடியையே வெட்டி ஒட்டியிருந்தாள்.

"பிரமாதம் ஆன்மேரி" என்றார் சிஸ்டர். "கையில கட்டை வச்சுக்கிட்டு இம்புட்டையும் எப்படிச் செய்ய வச்சீங்க?"

"சிஸ்டர், இது நான்..."

"டீச்சர் சொல்லிக் குடுத்ததுதான் சிஸ்டர்" என்று முந்திக்கொண்டாள் ஜெனிஷா, எட்டாம் வகுப்பு லீடர். "மடிப்புப் பக்கம் வெட்டக்கூடாதுன்னு டீச்சர்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க."

பின்னால் நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் ஆமாம் போட்டார்கள்.

"சரி, அடுத்த வருஷமும் நீங்களே பாத்துக்கங்க" என்ற சிஸ்டர் மறுபடி சுவரைப் பார்த்தார். "ஆமா, மயிலெல்லாம் ஏன் முக்கோணமா இருக்கு?"

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். புது மாதிரியாக்கும் என்று நினைத்தோ என்னவோ, சிஸ்டர் நகர்ந்துவிட்டார். ஆன்மேரிக்குக் கண் நிறைந்துவிட்டது. என்ன நடந்தது என்று அவருக்கே புரியவில்லை.

தமிழ்ச்செல்விக்குப் புரிகிற மாதிரி இருந்தது. மயில் மட்டுமா? மீன் ரெண்டு முக்கோணம். குதிரைக்கு உடம்பு செவ்வகம். தாமரை, காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம். வெற்றிலையில்கூட ஸ்கேல் வைத்த கோடு தெரிந்தது.

ஜெனிஷாவைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். "உண்மையைச் சொல்லு. யாரு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"கணக்கு சார்தான் டீச்சர். வீட்ல செஞ்சு பாத்துட்டு வந்து செஞ்சு காட்டுவாரு. வராந்தாவுல யாராச்சும் வந்தா மட்டும் சத்தமா சூத்திரம் சொல்லணும்."

ஹாலுக்கு வெளியே இம்மானுவேல் நின்றுகொண்டிருந்தார். விரலில் காய்ந்துபோன பசையை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சார், உதவி பண்றேன்னு நேராவே சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்ல? அம்புட்டுப் பேரும் ஒங்களைத் திட்டித் தீர்த்தோமே."

"நேராச் செஞ்சா, அந்த டீச்சரால கிளாஸ் எடுக்க முடியலயான்னு சிஸ்டர் கேப்பாங்க. அவங்க வேலைக்கே வேட்டு வந்துரும்" என்றார் இம்மானுவேல். "டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் புடுங்கினா, எந்த ஸ்கூல்லயாச்சும் யாராச்சும் ஏன்னு கேட்டிருக்காங்களா டீச்சர்?"